யுஎஸ்பி கருவிகளுக்குத் தானியங்கி அனுமதி: திருப்பாலைக்குடிக் கரையின் ஜி.பி.எஸ். கருவியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்தைக் கடந்து தொண்டி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வழியில் வருவது திருப்பாலைக்குடி. பாக் விரிகுடாவின் மேற்குக் கரையில் உள்ள மீனவர் ஊர். இந்தக் கரையிலிருந்து புறப்படும் படகுக்குக் கடலில் தெரியாத கோடு ஒன்று உண்டு. 1974 ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாடு, பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை ஆறு புள்ளிகளை இணைத்து அந்தக் கோட்டை வகுத்தது. மூன்றாம் புள்ளி வடக்கு 9 பாகை 40.15 கலை, கிழக்கு 79 பாகை 22.60 கலை. கோட்டைத் தாண்டினால் கைது, படகு பறிமுதல். தமிழகக் கரையோரப் படகுகளில் ஜி.பி.எஸ். இன்றியமையாத கருவியானதற்கு இந்தக் கோடு ஒரு காரணம். மீன் கிடைக்கும் பார்களையும் வலை சிக்கும் இடங்களையும் ‘பாயிண்ட்’ போட்டு வைத்துக்கொள்ள முடிவது இன்னொரு காரணம்.

அந்தக் கருவியை யுஎஸ்பி கம்பியால் லினக்ஸ் கணினியோடு இணைக்கும்போது, அதைப் படிக்கவும் அதில் எழுதவும் யாருக்கு உரிமை? அந்த உரிமையை ஒவ்வொரு முறையும் கையால் கொடுக்காமல், செருகிய கணத்திலேயே கணினி தானாக வழங்கச் செய்வது எப்படி? இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள் இவ்வளவே. கையேடுகளில் பெரும்பாலும் காணப்படும் விடை, கருவியை எல்லோருக்கும் திறந்துவிடும் ஒற்றை வரி. அந்த விடை வேலை செய்யும். ஆனாலும் அது பிழையான விடை என்பதும், அனுமதியைக் கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டும் கொடுக்கும் வழி அதே அளவு எளிது என்பதும் என் துணிபு.

விண்டோஸ் இங்கே பேசப்படவில்லை. அங்கே சிக்கல் வேறு. டிரைவர் கிடைப்பதே பாடு.

விதிகளில் வரும் சொற்களையும் கோப்புப் பெயர்களையும் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்யவேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பைத் தமிழில் தந்திருக்கிறேன்.

2. ஏன் கணினியோடு இணைக்கவேண்டும்?

அனுமதி பற்றிய பேச்சு, அதற்கான தேவை தெரியாமல் வெற்றுத் தொழில்நுட்பமாகிவிடும். ஆகவே தேவையை முதலில் நிறுவிக்கொள்வோம்.

கடற்பயன்பாட்டுக்கென்று வந்த கையடக்கக் கருவிகளில் பெயர்பெற்ற ஒன்று கார்மின் நிறுவனத்தின் ஜி.பி.எஸ்.மேப் 76சிஎஸ்எக்ஸ். அதில் 1,000 பாயிண்டுகள் சேமிக்கலாம். படகு போன தடத்தை 10,000 புள்ளிகள் வரை அது தானே பதிந்துகொண்டு போகும். ஐந்து நொடிக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் 50,000 நொடி. ஏறத்தாழ 14 மணி நேரம். பாக் விரிகுடாவில் விசைப்படகு ஒருமுறை போய்வரும் கணக்குக்கு இது மட்டுமட்டு. அதன்பின் பழைய புள்ளிகளின் மேல் புதியவை எழுதப்படும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘தடத்தைச் சேமி’ என்று கருவியிலேயே பொத்தானை அழுத்தினால், அது தடத்தை 500 புள்ளிகளாகச் சுருக்கிவிடும். ஒவ்வொரு புள்ளிக்குமான நேரத்தையும் அழித்துவிடும். எந்த நேரத்தில் படகு எங்கே இருந்தது என்பதுதான் கேள்வியென்றால், அப்படிச் சேமித்த தடம் சாட்சியாகாது. நேரத்தோடு கூடிய முழுத் தடம் வேண்டுமென்றால், ஓடிக்கொண்டிருக்கும் பதிவை அழியுமுன் கம்பி வழியாகக் கணினிக்கு இறக்கவேண்டும். எல்லைத் தகராறு நித்தியமாக உள்ள கரையில் இது வெறும் வசதிக்கான வேலை அல்ல.

பாயிண்டுகளின் மதிப்பு வேறு வகையானது. ஆண்டுக்கணக்கில் வலையை இழந்தும் மீனைக் கண்டும் சேர்த்த பட்டியல் அது. கருவி உப்புத்தண்ணீரில் விழுந்தால் அதோடு போயிற்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதற்கு மட்டுமன்றி இந்தப் பட்டியலுக்கு நகல் எடுக்கவும் தோதான காலம்.

கணினிக்குப் பஞ்சமில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் மேல்நிலைப் பள்ளி மாணவர் உள்ள பல வீடுகளுக்குக் கணினியைக் கொண்டுபோனது. அவற்றில் விண்டோஸோடு சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது டெபியனை அடியாகக் கொண்ட இந்திய லினக்ஸ்; முதற்பதிப்பு 2007. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பக்கம் யாரும் போகவேயில்லை என்பது வேறு கதை. போனவர்கள் முதலில் முட்டிக்கொண்ட இடங்களில் ஒன்று அனுமதி.

3. கருவியும் ஒரு கோப்பே

யூனிக்ஸ் மரபில் கருவிகள் கோப்புகளாகத் தோன்றும். டெவ் என்ற அடைவுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கோப்பு. அந்தக் கோப்புக்கு ஓர் உடைமையாளர், ஒரு குழு, மூன்று இலக்க அனுமதி எண். முதல் இலக்கம் உடைமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்றெல்லோருக்கும். படிக்க 4, எழுத 2. எனவே 6 என்றால் இரண்டும். முன்னால் உள்ள பூச்சியத்தை நீக்கிப் பார்த்தால், 0660 என்றால் உடைமையாளரும் குழுவும் படிக்கலாம், எழுதலாம்; மற்றவர்க்கு ஒன்றுமில்லை. 0666 என்றால் எல்லோருக்கும் எல்லாம்.

யுஎஸ்பி கருவியை நேரடியாக அணுகும் கோப்பு டெவ், பஸ், யுஎஸ்பி என்று அடுக்கடுக்காக இறங்கி, தட எண்ணும் கருவி எண்ணும் கொண்ட பெயரில் இருக்கும். 001 என்ற அடைவுக்குள் 004 என்பதுபோல. இந்தக் கருவி எண் நிலையானதன்று. பிடுங்கி மறுபடி செருகினால் 005 ஆகிவிடும். கையால் சிஎச்மோட் கட்டளை கொடுத்து அனுமதியை மாற்றினால் அது பழைய கோப்போடு மறைந்துவிடும். தானியங்கி ஏற்பாட்டின் தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது.

இயல்பு நிலையில் இந்தக் கோப்பு ரூட் என்னும் நிர்வாகக் கணக்குக்கு உடைமை, அனுமதி 0664. அதாவது சாதாரணப் பயனர் படிக்கலாம், எழுத முடியாது. இதில் ஒரு குழப்பம் விளைகிறது. இணைந்துள்ள கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை, கார்மின் இருப்பதைச் சரியாகக் காட்டிவிடும். ஆனால் அந்தக் கருவியோடு பேசப்போகும் மென்பொருள் ‘அனுமதி மறுப்பு’ என்று நின்றுவிடும். கருவி தெரிகிறது, பேச முடியவில்லை. யுஎஸ்பியில் ஒரு கேள்வி கேட்பதற்கே எழுதும் உரிமை வேண்டும் என்பதுதான் காரணம்.

4. யூடெவ்: சுருக்கமான வரலாறு

லினக்ஸில் அந்தத் தானியங்கி ஏற்பாட்டின் பெயர் யூடெவ். தொடக்கக் காலத்தில் டெவ் அடைவில் உலகிலுள்ள எல்லாக் கருவிகளுக்குமான கோப்புகளும், கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே செய்து நிரப்பப்பட்டிருந்தன. ரிச்சர்ட் கூச் எழுதிய டெவ்எஃப்எஸ் இருக்கும் கருவிக்கு மட்டும் கோப்பு என்ற நிலையைக் கொண்டுவந்தது. ஆனால் பெயரிடும் கொள்கை லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே புதைந்திருந்தது. யாருக்கு அனுமதி, என்ன பெயர் என்பவை கெர்னல் தீர்மானிக்கவேண்டிய விஷயங்களல்ல. கணினியை நிர்வகிப்பவர் தீர்மானிக்கவேண்டியவை. 2003-இல் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் வெளியிட்ட யூடெவ் இந்தப் பிரிவினையைச் செய்தது. கெர்னல் செய்தி சொல்லும். கொள்கையை வெளியே உள்ள நிரல் விதிக்கோப்புகளைப் பார்த்து முடிவு செய்யும். பின்னர் கே சீவர்ஸ் அதைப் பெரிதும் வளர்த்தார். 2012-இல் யூடெவ், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி திட்டத்துடன் இணைக்கப்பட்டது. அது பிடிக்காத ஜென்டூ லினக்ஸ் அணியினர் அதே ஆண்டில் ஈயூடெவ் என்று தனிக்குடித்தனம் போனார்கள்.

  

5. செருகிய கணத்தில் நடப்பது

கம்பியைச் செருகியதும் யுஎஸ்பி கட்டுப்படுத்தி கருவியிடம் அதன் விவரங்களைக் கேட்கிறது. கருவி தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்கிறது. இரண்டும் 16 பிட் எண்கள். தயாரிப்பாளர் எண்ணை வழங்குவது யுஎஸ்பி தரநிலைகளை நடத்தும் மன்றம். கெர்னல் இவற்றை சிஸ்எஃப்எஸ் என்ற கோப்பமைப்பில் எழுதிவைக்கிறது. டெவ் அடைவில் ரூட் மட்டும் தொடக்கூடிய ஒரு கோப்பை உண்டாக்குகிறது. பிறகு ‘இன்ன கருவி சேர்ந்தது’ என்ற அறிவிப்பை நெட்லிங்க் வழியே விடுக்கிறது.

யூடெவ் அந்த அறிவிப்பைக் கேட்டு, விதிகளை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டுகிறது. ஓடி முடித்தபின் குழு, அனுமதி எண், மாற்றுப்பெயர் ஆகியவற்றைக் கோப்பின்மேல் ஏற்றுகிறது. எல்லாம் முடிந்தது என்ற இரண்டாம் அறிவிப்பு அதன்பிறகே வெளியாகும்; மேசைச் சூழல்கள் கவனிப்பது இந்த இரண்டாவதை. யூடெவ்அட்ம் மானிட்டர் என்ற கட்டளையை ஓடவிட்டுக் கருவியைச் செருகினால் இரண்டு அறிவிப்புகளும் அடுத்தடுத்து விழுவதைக் காணலாம்.

6. விதியின் இலக்கணம்

6.1 வரியின் அமைப்பு

ஒரு விதி என்பது ஒரு வரி. அந்த வரிக்குள் காற்புள்ளியிட்டுப் பிரித்த உறுப்புகள். சில உறுப்புகள் நிபந்தனை; சில செயல். இரட்டைச் சமக்குறி இருந்தால் ‘இப்படி இருக்கிறதா?’ என்ற கேள்வி. ஒற்றைச் சமக்குறி இருந்தால் ‘இப்படி ஆக்கு’ என்ற ஆணை. கூட்டல்குறியோடு சமக்குறி வந்தால் இருப்பதோடு சேர். முக்காற்புள்ளியோடு வந்தால் இதுவே இறுதி, இனி யாரும் மாற்றக்கூடாது. நிபந்தனைகள் அத்தனையும் பொருந்தினால்தான் ஆணைகள் நடக்கும். நன்னூல் படித்தவருக்கு இந்தச் சுருக்கம் அந்நியமாகத் தோன்றாது; சூத்திரத்தைப் போலவே ஒரு குறி பிசகினாலும் பொருள் தலைகீழாகும். நிபந்தனையில் ஒரு சமக்குறியை விட்டுவிட்டால் கேள்வி ஆணையாகிவிடும்.

6.2 தன் பண்பும் முன்னோர் பண்பும்

ஆட்டர் என்று எழுதினால் அந்தக் கருவியின் சொந்தப் பண்பு. ஆட்டர்ஸ் என்று பன்மையில் எழுதினால் அந்தக் கருவியோ அதற்கு மேலுள்ள முன்னோர்களில் எவரோ. ஒரு யுஎஸ்பி-சீரியல் மாற்றியைச் செருகினால் கடைசியில் தோன்றும் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற கோப்புக்குத் தயாரிப்பாளர் எண் கிடையாது. அது அதன் தாத்தாவிடம் இருக்கிறது. ஆகவே அங்கே பன்மை வேண்டும். ஆனால் பன்மையில் கேட்கும் நிபந்தனைகள் எல்லாம் ஒரே முன்னோரிடம் பொருந்தவேண்டும். ஒன்றை அப்பாவிடமும் மற்றொன்றைத் தாத்தாவிடமும் எடுத்துக் கோத்தால் விதி ஒருபோதும் பொருந்தாது, பிழைச்செய்தியும் வராது. மௌனமாகத் தோற்கும் விதிகளில் பாதிக்கு இதுவே காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

6.3 கோப்புகளின் வரிசை

விதிக்கோப்புகள் இரண்டு முக்கிய இடங்களில் உள்ளன. லினக்ஸ் வெளியீட்டோடு வருபவை யுஎஸ்ஆர் அடைவின் கீழே. நாம் எழுதுபவை எட்சி அடைவின் கீழே, யூடெவ் என்பதற்குள் ரூல்ஸ்.டி என்பதில். இரண்டிடத்துக் கோப்புகளும் ஒன்றாகக் கலக்கப்பட்டுப் பெயர் வரிசையில் படிக்கப்படும். கோப்புப் பெயர் எண்ணில் தொடங்குவது இதற்காகவே. ஒரே பெயரில் இரண்டிடத்திலும் கோப்பு இருந்தால் எட்சியில் உள்ளது வெல்லும். இந்த எண் எவ்வளவு முக்கியம் என்பதை 8-ஆம் பகுதியில் காண்போம்.

7. கார்மின் விதி: பகுப்பாய்வு

கார்மினின் தயாரிப்பாளர் எண், பதினாறடி எண்முறையில், 091ஈ. தன் சொந்த நெறிமுறையில் பேசும் பழைய கைக்கருவிகளின் பொருள் எண் 0003. ராபர்ட் லைப் தொடங்கிய ஜிபிஎஸ்பேபல் என்ற மென்பொருள் இந்த நெறிமுறை அறிந்தது; கருவியிலிருந்து பாயிண்டுகளையும் தடங்களையும் இறக்கி ஜிபிஎக்ஸ் கோப்பாகத் தரும். அதன் ஆவணங்கள் லினக்ஸ் பயனருக்குச் சொல்லும் வழி, 51-கார்மின்.ரூல்ஸ் என்ற கோப்பை உண்டாக்கி ஒரு வரி எழுதுவது: தயாரிப்பாளர் எண் 091ஈ, பொருள் எண் 0003 என்றால் அனுமதி 666.

இந்த வரி உலகெங்கும் நகலெடுக்கப்பட்டுப் பரவியிருக்கிறது. பரவியதில் பழைய வடிவமும் புதிய வடிவமும் கலந்துவிட்டன. பழையதில் பண்பைக் கேட்கும் சொல் சிஸ்எஃப்எஸ் என்பது. பிற்கால யூடெவ் அந்தச் சொல்லை நீக்கிவிட்டு ஆட்டர்ஸ் என்பதை வைத்தது. பழைய குறிப்பைப் பார்த்துப் புதிய கணினியில் எழுதினால் அந்த வரி தூக்கியெறியப்படும். பாஸ் லினக்ஸின் முதற்காலப் பதிப்பில் ஓடிய விதி இன்றைய டெபியனில் ஓடாமல் போக இதுவே போதும்.

அனுமதி சரியாக இருந்தும் கருவி பேச மறுக்கும் இரண்டாம் நிலை ஒன்றுண்டு. கெர்னலில் கார்மின்_ஜிபிஎஸ் என்றொரு டிரைவர் இருக்கிறது. செருகியதும் அது முந்திக்கொண்டு கருவியைப் பிடித்து, ஒரு சீரியல் கோப்பாக மாற்றிக் காட்டும். ஜிபிஎஸ்பேபல் நேரே யுஎஸ்பி வழியாகப் பேச வந்தால், கருவி ஏற்கெனவே ஒருவர் கையில். இப்போது வரும் பிழை ‘அனுமதி மறுப்பு’ அன்று. இடைமுகத்தைக் கைப்பற்ற முடியவில்லை என்பது. அந்த டிரைவரை மோட்ப்ரோப்.டி அடைவில் விலக்குப் பட்டியலில் சேர்க்கவேண்டும். இரண்டு பிழைகளும் வேறுவேறு நோய்கள். ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்து, அனுமதியை 666-இலிருந்து 777 வரை ஏற்றிப் பார்ப்பவர்களை என்ன சொல்வது?

மூன்றாவது வழி என்று சிலர் நாடுவது சுடோ. ரூட்டாக ஓட்டினால் எல்லாம் நடக்கும். ஆனால் இறங்கும் ஜிபிஎக்ஸ் கோப்பும் ரூட்டின் உடைமையாக இறங்கும். பிறகு அதைத் திருத்தவும் அழிக்கவும் மறுபடி சுடோ. அனுமதிச் சிக்கலைக் கருவியிலிருந்து கோப்புக்கு இடம் மாற்றியது தவிர வேறு பயனில்லை.

இறக்கிய கோப்பைச் சரிபார்க்க ஒரு வழி. கருவியின் திரையில் பாகையும் தசமக் கலையும் தெரியும். ஜிபிஎக்ஸ் கோப்பில் தசமப் பாகை இருக்கும். எல்லைக்கோட்டின் மூன்றாம் புள்ளி கருவியில் 9 பாகை 40.15 கலை, கோப்பில் 9.66917. கிழக்கு நெட்டாங்கு 79 பாகை 22.60 கலை, கோப்பில் 79.37667. கலையை 60-ஆல் வகுக்க மறந்து 9.4015 என்று தட்டச்சு செய்து கருவிக்கு ஏற்றினால் புள்ளி தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். எழுதும் அனுமதி கொடுப்பதில் உள்ள பொறுப்பு இந்த இடத்தில் கண்கூடாகிறது.

8. எல்லோருக்குமா, எதிரில் இருப்பவருக்கா?

0666 எல்லோருக்கும் திறக்கிறது. ‘எல்லோரும்’ என்பது வீட்டிலுள்ள மனிதர்களை மட்டும் குறிப்பதன்று. கணினியில் பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சேவைக் கணக்கையும் குறிக்கும். ஒரே கணக்கில் எல்லோரும் புழங்கும் வீட்டு மடிக்கணினியில் நடைமுறை வேறுபாடு மிகக் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒரு சங்கத்திலோ கணினி மையத்திலோ பல கணக்குகள் உள்ள பொதுக் கணினியை எண்ணிப் பாருங்கள். ஒரு படகுக்காரர் கருவியைச் செருகிப் பாயிண்டுகளை இறக்கும்போது, அதே கணினியில் தன் கணக்கை மூடாமல் போன இன்னொருவரின் நிரலும் அதே கருவியைப் படிக்கலாம். பாயிண்டுகளை மாற்றலாம், அழிக்கலாம். பாரின் இடம் தொழில் இரகசியம். பங்காளிக்கும் சொல்லாத பாயிண்டை எவரும் இப்படித் திறந்துபோட மாட்டார்கள்.

குழு வழி ஒரு படி மேலானது. அனுமதி 0660, குழு ப்ளக்டெவ் என்று எழுதினால் அந்தக் குழுவில் உள்ளவர்க்கு மட்டும் உரிமை. டெபியன் வழிவந்தவற்றில் இந்தக் குழு இயல்பாகவே உண்டு. ஆகவே பாஸ் லினக்ஸின் பழைய பதிப்புகளுக்கு இதுவே பொருத்தம். குறை என்னவென்றால், குழு என்பது நிலையான உறவு. குழுவில் உள்ளவர் வெளியூரிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தாலும் அதே உரிமை அவருக்கு உண்டு. கருவியைக் கையில் வைத்திருப்பவரோ கணினிக்கு முன்னால் இருக்கிறார். கேள்வி ‘நீ எந்தக் குழு?’ என்பதாக இல்லாமல் ‘இப்போது இங்கே அமர்ந்திருப்பது யார்?’ என்பதாக இருக்கவேண்டும்.

சிஸ்டம்டி காலத்து யூடெவ் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. விதியின் செயற்பகுதியில் அனுமதி எண்ணுக்குப் பதிலாக, டேக் என்பதோடு யூஆக்சஸ் என்ற அடையாளத்தைக் கூட்டல்குறியிட்டுச் சேர்த்தால் போதும். லாகின்டி என்ற சேவை, இந்தக் கணினியின் திரைமுன் தற்போது செயலில் உள்ள பயனர் யாரென்று பார்த்து, அவர் பெயருக்கு மட்டும் கோப்பின்மேல் ஒரு தனி அணுகல் பதிவை இடுகிறது. அவர் வெளியேறி இன்னொருவர் நுழைந்தால் பதிவும் கைமாறுகிறது. அனுமதி எண்ணைப் பார்த்தால் ஒரு கூட்டல்குறி மட்டும் கூடுதலாகத் தெரியும்; உள்ளே யார் பெயர் என்பதை கெட்எஃப்ஏசிஎல் காட்டும். எழுத்தெண்ணிப் பார்த்தால் இந்த விதி 666 விதியைவிடச் சில எழுத்துகளே நீளம்.

இங்கேதான் கோப்பின் எண் குறுக்கே வருகிறது. இந்த அடையாளத்தைப் பார்த்துச் செயல்படும் விதி 73-சீட்-லேட்.ரூல்ஸ் என்ற கோப்பில் உள்ளது. நம் விதி அதற்கு முன்பே ஓடியிருக்கவேண்டும். ‘என் விதி கடைசியில் வந்தால் அதுவே வெல்லும்’ என்ற பழைய வழக்கத்தில் 99 என்று எண்ணிட்டால், அடையாளம் ஒட்டப்படும், ஆனால் அதைப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். 51 என்று தொடங்கும் கார்மின் கோப்பு தப்பித்துக்கொள்கிறது. 99 எண்ணிட்டுத் தோற்றவர் மறுபடி 0666-க்கே திரும்புவதால்தான் அந்த வரி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

9. பிற வகைக் கருவிகள்

9.1 வட்டாகத் தோன்றுபவை

ஜி.பி.எஸ்.மேப் 78 போன்ற பிந்தைய கருவிகள் பென்டிரைவ் போலத் தோன்றும். உள்ளே கார்மின், அதற்குள் ஜிபிஎக்ஸ் என்ற அடைவில் கோப்புகள் தயாராக இருக்கும். இவற்றுக்கு மேற்சொன்ன விதி எதுவும் தேவையில்லை. அந்த நினைவகத்தின் ஃபேட் கோப்பமைப்புக்கு உடைமையாளர் என்ற கருத்தே இல்லை. ஏற்றும்போது யார் பெயரில் ஏற்றுகிறோமோ அவரே உடைமையாளர். அதை யூடிஸ்க்ஸ் பார்த்துக்கொள்கிறது.

9.2 சீரியல் மாற்றிகள்

படகில் நிலையாகப் பொருத்திய கருவிகள் பல என்எம்ஈஏ 0183 என்ற முறையில், நொடிக்கு 4,800 பிட் வேகத்தில், சீரியல் கம்பி வழியே இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கணினிக்கு வரும் வழியில் ஒரு யுஎஸ்பி மாற்றி. அது டிடிஒய்யுஎஸ்பி0 என்று தோன்றும். டெபியனில் டயல்அவுட் குழுவின் உடைமை. அந்தக் குழுவில் பயனரைச் சேர்த்துவிட்டால் முடிந்தது. சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையவேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

ஆனால் இந்த மாற்றிகளில் ஓர் அடிப்படைக் கோளாறு உண்டு. தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் சுட்டுவது உள்ளே உள்ள சில்லை. மறுமுனையில் உள்ள கருவியை அல்ல. 2022-இல் வெளியான உபுண்டு 22.04-இல் இது வெடித்தது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைகளைக் கையாளும் பிஆர்எல்டிடிஒய் மென்பொருளின் விதிக்கோப்பில், 1ஏ86, 7523 என்ற எண்ணிணை இருந்தது. மலிவான மாற்றிகளிலும் ஆர்டுவினோ நகல்களிலும் எங்கும் கிடைக்கும் சிஎச்340 சில்லின் எண்ணும் அதுவே. மாற்றியைச் செருகியதும் பிரெய்ல் திரை வந்துவிட்டது என்று எண்ணி அந்த மென்பொருள் கருவியைப் பறித்துக்கொண்டது; டிடிஒய்யுஎஸ்பி0 தோன்றி மறைந்தது. பார்வையற்ற ஒருவருக்குச் செருகியவுடன் இயங்கும் வசதி தரவேண்டும் என்ற நல்ல நோக்கம், எண்ணைப் பெயரென்று நம்பியதால் இன்னொருவரின் வேலையைக் கெடுத்தது. இத்தகைய சில்லுகளுக்கு விதி எழுதும்போது வரிசை எண்ணையோ, அதுவும் இல்லாவிட்டால் எந்தத் துளையில் செருகியது என்பதையோ சேர்த்து நிபந்தனையைக் குறுக்கவேண்டும்.

10. சோதனை முறை

விதியை எழுதியபின் யூடெவ் அதை மறுபடி படிக்கச் செய்யவேண்டும்: யூடெவ்அட்ம் கண்ட்ரோல், ரீலோட். இதனால் ஏற்கெனவே செருகியுள்ள கருவியின் அனுமதி மாறாது. பிடுங்கிச் செருகலாம், அல்லது யூடெவ்அட்ம் ட்ரிக்கர் கொடுக்கலாம். இரண்டாவதில் ஒரு பொறி: ட்ரிக்கர் அனுப்பும் அறிவிப்பு இயல்பாக ‘மாற்றம்’ என்பது, ‘சேர்ப்பு’ அன்று. விதியில் ‘சேர்க்கப்பட்டால்’ என்று நிபந்தனை வைத்திருந்தால் ட்ரிக்கருக்கு அது அசையாது. அனுமதி விதிகளில் இந்த நிபந்தனையை வைக்காமல் இருப்பதே மேல்.

கருவியின் பண்புகளைக் காண யூடெவ்அட்ம் இன்ஃபோ. எந்தக் கோப்பின் எந்த வரி பொருந்தியது என்று வரிவரியாகக் காண யூடெவ்அட்ம் டெஸ்ட். இந்த இரண்டையும் ஓட்டாமல் விதியைத் திரும்பத் திரும்ப எழுதுவதில் பொழுது வீணாகும்.

தானியங்கி என்ற சொல் ஆசையைத் தூண்டக்கூடியது. செருகியதும் அனுமதி மட்டும் ஏன், தடத்தையே இறக்கிவிடலாமே என்று தோன்றும். ரன் என்ற உறுப்பால் ஒரு நிரலை ஓட்டலாம்தான். ஆனால் அந்த நிரல் முடியும்வரை அக்கருவிக்கான நிகழ்வு முடிவதில்லை. நீண்டால் யூடெவ் அதைக் கொன்றுவிடும். 10,000 புள்ளிகளை இறக்குவது அந்த இடத்தில் செய்யவேண்டிய வேலையன்று. விதியில் சிஸ்டம்டி அடையாளத்தை ஒட்டி, ஒரு தனிச் சேவையை எழுப்பச் சொல்லி, இறக்கும் வேலையை அதனிடம் விடுவதே முறை. அந்தச் சேவையைப் பயனரின் பெயரிலேயே ஓட்டினால், கோப்பு ரூட்டின் உடைமையாக இறங்கும் பழைய தொல்லையும் தீரும்.

11. விதியால் ஆகாதவை

இதுவரை சொன்ன எல்லாம் கருவி தன்னைப் பற்றி உண்மை சொல்கிறது என்ற நம்பிக்கையின்மேல் நிற்கின்றன. 2014-இல் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் இருவரும் பேட்யுஎஸ்பி என்ற பெயரில் காட்டியது இந்த நம்பிக்கையின் உறுதியின்மையை. சாதாரணப் பென்டிரைவின் உள்நிரலை மாற்றி எழுதினால் அது தன்னை விசைப்பலகை என்று சொல்லிக்கொண்டு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும். யூடெவ் விதிக்குப் பொய் சொல்லும் எண்ணும் மெய் சொல்லும் எண்ணும் ஒன்றே. அறியாத கருவிகளைச் செருகியவுடனேயே தடுக்க யுஎஸ்பிகார்ட் போன்ற வேறு ஏற்பாடுகள் உள்ளன. அவை அனுமதி எண்ணின் தளத்தில் அல்லாமல், கருவியை ஏற்பதா வேண்டாமா என்ற தளத்தில் இயங்குகின்றன. பல படகுக்காரர்களின் கருவிகளையும் பென்டிரைவ்களையும் ஏற்கும் பொதுக் கணினிக்கு அது தேவை. வீட்டு மடிக்கணினிக்கு அவ்வளவு வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கணினிக்கு வெளியே விதிக்கு அதிகாரமில்லை. ஜி.பி.எஸ். கருவிக்குள் கடவுச்சொல்லோ கணக்கோ கிடையாது. அதைக் கையில் எடுத்தவர் எவராயினும் பொத்தானை அழுத்திப் பாயிண்டுகளைப் பார்க்கலாம், வேறொரு கணினியில் செருகி முழுவதையும் இறக்கலாம். யூஆக்சஸ் அடையாளம் காப்பது, கம்பி இந்தக் கணினியில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களை மட்டுமே.